கதையையும் எழுது, சொன்னவரையும் எழுது: ஸ்காட்லாந்துத் தீவுகளில் நாட்டார் வழக்காறு சேகரித்த கதை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரைத் தீவுகளில் பரவலாகச் சொல்லப்பட்டு வந்த கதை ஒன்று உண்டு. கோடையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேய்ச்சல் குடிலுக்குப் போன இளம்பெண் ஒருத்தியிடம் அழகான இளைஞன் ஒருவன் வருகிறான். அவள் மடியில் தலைவைத்துப் படுத்து, தலையை வாரிவிடச் சொல்கிறான். வாரும்போது அவன் முடிக்குள்ளிருந்து ஏரி மணலும் பாசித் துணுக்கும் சீப்பில் வருகின்றன. வந்திருப்பவன் மனிதன் அல்லன், ஏரியில் வாழும் நீர்க்குதிரை என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. சத்தம் போடாமல், அவன் உறங்கும்வரை வாரிக்கொண்டே இருந்து, அவன் தலை கிடந்த பாவாடைத் துண்டை மட்டும் கத்தரித்து விட்டுவிட்டு, எழுந்து ஊரை நோக்கி ஓடுகிறாள்.

இதை ஒரு முதியவரிடம் கேட்டுவிட்டு வந்து "நீர்க்குதிரைக் கதை: ஒரு பெண் தப்பித்தாள்" என்று எழுதி வைத்தால் அது சேகரிப்பு ஆகாது. எந்த ஏரி, அந்தப் பெண் எந்தக் குடும்பத்தாள் என்று சொன்னார், அவர் இதை யாரிடமிருந்து கேட்டார், பாசிக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், நடந்தது என்று நம்பிச் சொன்னாரா அல்லது பிள்ளைகளை ஏரிக்கரைக்குப் போகவிடாமல் தடுக்கச் சொன்னாரா என்ற விவரங்கள் இல்லாவிட்டால் நம் கையில் இருப்பது கதையின் எலும்புக்கூடு மட்டுமே. நாட்டார் வழக்காறு சேகரித்தல் என்பது வாயால் வாழும் ஒன்றை, அதைச் சொன்னவரோடும் சொன்ன மொழியோடும் சொன்ன சூழலோடும் சேர்த்துப் பதிவு செய்வது. இதைக் கற்றுக்கொள்ள ஸ்காட்லாந்துத் தீவுகளைவிடப் பொருத்தமான களம் குறைவு என்பது என் எண்ணம். அங்கே முந்நூறு ஆண்டுகளாக இந்த வேலை நடந்திருக்கிறது; நன்றாகவும் நடந்திருக்கிறது, மோசமாகவும் நடந்திருக்கிறது, இரண்டுக்கும் சான்று இருக்கிறது.

முதலில் இடமும் மொழியும். ஸ்கை, ஐலா, கன்னா போன்ற தீவுகள் நிலப்பகுதியை ஒட்டியவை. லூயிஸ், ஹாரிஸ், வடக்கு யூயிஸ்ட், பென்பெக்குலா, தெற்கு யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா ஆகியவை அட்லாண்டிக் பக்கமாக வெளியே நீண்டு கிடப்பவை. இரண்டையும் சேர்த்து ஹெப்ரிடீஸ் என்பார்கள். இவற்றின் மொழி கேலிக். தமிழில் இந்தப் பெயர் சற்று விளையாட்டாக ஒலித்தாலும், பேசுபவர்கள் உண்மையில் 'காலிக்' என்றே உச்சரிக்கிறார்கள். இது ஆங்கிலத்தின் வட்டார வழக்கு அன்று. ஐரிஷ் மொழியின் நெருங்கிய உறவு. 1266 வரை இத்தீவுகள் நார்வே அரசர்களின் ஆளுகையில் இருந்ததால் ஊர்ப்பெயர்கள் பல நோர்ஸ் மொழியிலிருந்து வந்தவை. லூயிஸில் 'போஸ்ட்' என்று முடியும் ஊர்கள் எல்லாம் பழைய நோர்ஸ் பண்ணை நிலங்கள். 1891 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் கேலிக் பேசினர். 2022இல் அந்த எண்ணிக்கை சுமார் 70,000. இந்தச் சரிவுக்குப் பின்னணி உண்டு: 1872இன் கல்விச் சட்டம் பள்ளியில் கேலிக்குக்கு இடமே கொடுக்கவில்லை. நிலவுடைமையாளர்கள் ஆட்டுப் பண்ணைக்காகக் குடிகளை வெளியேற்றினர். கப்பல்கள் கனடாவுக்குப் போயின. கதை சொல்பவர்கள் மறைவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் இந்தத் துறையின் ஒவ்வொரு குறிப்பேட்டிலும் தெரிகிறது.

பயணக் குறிப்பும் சேகரிப்பின் ஒரு பகுதிதான் என்பதற்கு மார்ட்டின் மார்ட்டின் நல்ல எடுத்துக்காட்டு. ஸ்கை தீவில் பிறந்து கேலிக்கைத் தாய்மொழியாகக் கொண்ட இவர் 1703இல் மேற்குத் தீவுகளைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார். அதில் ஓரிடம் மொழிக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. லூயிஸிலிருந்து ஆளில்லாத ஃப்ளானன் தீவுகளுக்குக் கடற்பறவை பிடிக்கப் போகிறவர்கள், அங்கே இருக்கும்வரை சில சொற்களை வாயில் எடுக்கக் கூடாது. அந்தத் தீவுகளின் பெயரைச் சொல்லக் கூடாது, 'நாடு' என்று மட்டுமே சொல்ல வேண்டும். தண்ணீருக்கான வழக்கமான சொல் விலக்கப்பட்டது; அதற்கு வேறு சொல். பாறையை 'கெட்டியானது' என்றும், கரையை 'குகை' என்றும் சொல்ல வேண்டும். மார்ட்டின் இதை மூடநம்பிக்கை என்றே கருதினார். ஆனாலும் எந்தச் சொல் விலக்கப்பட்டது, எந்தச் சொல் அதன் இடத்தில் வந்தது என்பதை இணை இணையாகத் தந்துவிட்டார். அவருடைய கருத்து இன்று நமக்குத் தேவைப்படவில்லை. அந்தச் சொற்பட்டியல் தேவைப்படுகிறது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1773இல், ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் தம் நண்பர் பாஸ்வெல்லுடன் அதே தீவுகளுக்குப் போனார். சிறு வயதில் மார்ட்டினின் நூலைப் படித்ததே அந்த ஆசைக்கு வித்து. கூர்மையான பார்வை உடையவர், வீடுகளையும் உணவையும் குத்தகை முறையையும் நன்றாகவே எழுதினார். ஆனால் அவருக்குக் கேலிக் தெரியாது. ஜேம்ஸ் மக்ஃபெர்சன் என்பவர் 1760களில் 'ஓசியன்' என்னும் பழங்காலக் கவியின் காவியங்களை மொழிபெயர்த்ததாகச் சொல்லி ஐரோப்பா முழுவதையும் மயக்கியிருந்தார். மூலத்தைக் காட்டு என்று ஜான்சன் கேட்டது முற்றிலும் நியாயம். மக்ஃபெர்சன் வழக்கிலிருந்த பாடல்களைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பெரும்பகுதியைத் தாமே புனைந்திருந்தார். ஆனால் அந்தச் சூட்டிலேயே ஜான்சன், கேலிக் எழுதப்பட்ட மொழியே அன்று என்றும் எழுதிவிட்டார். அது தவறு, 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லிஸ்மோர் தீவின் திருச்சபைத் தலைவர் தொகுத்த கேலிக் கவிதைக் கையெழுத்துச் சுவடி இன்றும் இருக்கிறது. ஒருவர் மூலத்தைக் காட்டாமல் புனைந்தார். மற்றவர் மொழி தெரியாமல் தீர்ப்புச் சொன்னார். பின்னால் வந்த சேகரிப்பாளர்களுக்கு இந்த இரண்டு பிழைகளும் எச்சரிக்கைப் பலகைகளாக நின்றன.

அந்த எச்சரிக்கையை முழுமையாக உள்வாங்கியவர் ஐலாவைச் சேர்ந்த ஜான் ஃபிரான்சிஸ் கேம்பெல். தீவின் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் குழந்தைப் பருவத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அதே பெயருடைய ஒரு பைப் (துருத்திக்குழல்) இசைக்காரரிடம் விடப்பட்டது. அவரிடமிருந்தே கேலிக்கும், சாதாரண மக்களோடு உட்கார்ந்து பேசும் பழக்கமும் வந்தன. குடும்பம் கடனில் மூழ்கி ஐலா கைவிட்டுப் போனது. கேம்பெல் லண்டனில் அரசுப் பணியில் சேர்ந்து, கலங்கரை விளக்கங்கள் பற்றிய ஆணையத்தின் செயலாளராகவும் இருந்தார். 1859 வாக்கில் கதைகளைத் திரட்டத் தொடங்கி, 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்.

அவருடைய முறையில் புதுமை இதுதான். ஐலாவின் பள்ளி ஆசிரியர் ஹெக்டர் மக்லீன், ஜான் டூவர், ஹெக்டர் அர்க்கர்ட் போன்ற கேலிக் அறிந்தவர்களை ஊர் ஊராக அனுப்பினார். சொல்பவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுத வேண்டும், திருத்தக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது என்பது கட்டளை. அச்சிட்டபோது கேலிக் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் போட்டார். கதையோடு சொன்னவரின் பெயர், தொழில், ஊர், எழுதியவரின் பெயர், நாள் ஆகியவற்றையும் கொடுத்தார். கண்பார்வை இல்லாத பிடில் கலைஞர், மீனவர், செருப்புத் தைப்பவர் ஆகியோரின் பெயர்கள் அப்படித்தான் அச்சேறின. ஒரே கதையின் நான்கைந்து வடிவங்கள் கிடைத்தால், அவற்றைக் கலந்து ஒரு 'நல்ல' வடிவம் செய்யாமல், வேறுபாடுகளைத் தனியே குறித்தார். மெருகேற்றிய கதைத்தொகுப்புகளுக்கு வாசகர்கள் பழகியிருந்த காலத்தில் இது சாதாரண முடிவு அன்று.

இதே மனிதர்தான் 1853இல் வெயில் பதிவுக்கருவியையும் கண்டுபிடித்தார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல். மரக் கிண்ணத்தில் ஒரு கண்ணாடிக் கோளம். வெயில் அடிக்கும் நேரமெல்லாம் குவிந்த ஒளி மரத்தைச் சுட்டுக் கோடு போடும். வெயிலைப் பற்றி யாரும் எழுத வேண்டியதில்லை, வெயிலே எழுதிக்கொள்ளும். வானிலை நிலையங்களில் அதன் திருத்திய வடிவத்தை இன்றும் பார்க்கலாம்.

கதைகள் எங்கே சொல்லப்பட்டன என்று புரிந்துகொள்ள 'கேய்லி' என்ற சொல் தேவை. இன்று இது நடனக் கொண்டாட்டத்தைக் குறிக்கிறது. பழைய பொருள், மாலையில் அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது. தரையின் நடுவில் பீட் என்னும் சதுப்புநிலக் கரிமண் கட்டிகள் புகைந்துகொண்டிருக்கும்; ஆண்கள் கயிறு திரிப்பார்கள், வலை பின்னுவார்கள், பெண்கள் நூல் நூற்பார்கள். "முதற்கதை வீட்டுக்காரருடையது, விடியும்வரை கதை விருந்தாளியுடையது" என்பது கேலிக் பழமொழி. இங்கே சொல்லப்பட்டவற்றுள் இரண்டு வகையை அவர்களே பிரித்துப் பேசினர். வீரர்களும் அரக்கர்களும் வரும் நீண்ட புனைகதை ஒரு வகை. ஊர், குலம், இடப்பெயர், முன்னோர் பற்றிய 'ஷெனஹஸ்' மற்றொன்று. நீர்க்குதிரைக் கதை இரண்டாவதன் பக்கம் சாய்வது. ஏனெனில் ஏரியைக் கை நீட்டிக் காட்டலாம்.

நீண்ட கதைகளில் அடிக்கடி வரும் 'ஓட்டம்' என்ற பகுதியையும் தொடக்க வாசகர் அறிந்திருக்க வேண்டும். வீரன் படகில் ஏறும்போதெல்லாம் சொல்பவர் குரலை மாற்றிக்கொண்டு, அதன் முகப்பைக் கடலுக்கும் பின்பக்கத்தைக் கரைக்கும் திருப்பி, படபடக்கும் பாய்களை நிமிர்ந்த மரங்களில் ஏற்றியதை, ஒத்த ஒலியுடைய பழஞ்சொற்களால் மூச்சு விடாமல் அடுக்குவார். சில சொற்களின் பொருள் சொல்பவருக்கே தெரியாது. 'திருத்தக் கூடாது' என்ற விதி இங்கேதான் பயன் தருகிறது: பொருள் புரியாத சொல்லை எழுதுபவர் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிட்டால், வழக்கொழிந்த ஒரு மொழிநிலையின் கடைசித் தடயம் அங்கேயே அழிந்துவிடும்.

அந்த விதி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அலெக்சாண்டர் கார்மைக்கேல் வழியாகப் பார்க்கலாம். லிஸ்மோரில் பிறந்த இவர் கலால் வரி அதிகாரி. பணி நிமித்தம் யூயிஸ்ட் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். வரி வாங்க வருபவரை யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நினைப்போம், ஆனால் இவருக்கு எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. வேண்டுதல்கள், மந்திரங்கள், வேலைப் பாடல்கள் ஆகியவற்றைத் திரட்டி 1900இல் 'கார்மினா கெடேலிக்கா' என்ற தலைப்பில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். மற்றவை அவர் மறைவுக்குப் பிறகு வந்தன. இரவில் அடுப்பை மூடும் வேண்டுதலை அவர் விவரித்திருப்பதைப் படித்தால் அந்த வீட்டுக்குள் நிற்பது போலிருக்கும். வீட்டுப் பெண் கனன்ற தணலை வட்டமாகப் பரப்பி, நடுவில் சிறு குவியல் விட்டு, மூன்று சம பாகமாகப் பிரிக்கிறாள். பாகங்களுக்கு இடையே மூன்று பீட் கட்டிகளை, ஒரு முனை நடுக்குவியலைத் தொடும்படி வைக்கிறாள். முதலாவது உயிரின் இறைவன் பெயரால், இரண்டாவது அமைதியின் இறைவன் பெயரால், மூன்றாவது அருளின் இறைவன் பெயரால். பிறகு சாம்பலால் மூடுகிறாள், அணையாமலும் எரியாமலும் காலைவரை கிடக்கும்படி.

இந்த விவரணையின் அருமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 1976இல் ஓர் ஆய்வுக் கட்டுரை, அச்சான பாடல்களைக் கார்மைக்கேல் எந்த அளவுக்குத் தாமே மெருகேற்றினார் என்ற கேள்வியை வெளிப்படையாக எழுப்பியது. எடின்பரோ பல்கலைக்கழகத்திலுள்ள அவருடைய குறிப்பேடுகளை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டால், வரிகளை ஒழுங்குபடுத்தியதும், எளிய சொல்லை நீக்கிப் பழமை தோன்றும் சொல்லை வைத்ததும் பல இடங்களில் தெரிகிறது. அவர் பக்கம் பேசவும் நியாயம் இருக்கிறது. கேலிக் மக்கள் முரடர்கள், நாகரிகமற்றவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட காலம் அது. அவர்களின் செல்வத்தை மிகச் சிறந்த உடையில் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த அன்பை மதிக்கிறேன். ஆயினும் சேகரிப்பாளராகக் கேம்பெல்லின் வழியே சரி என்பேன். கார்மைக்கேல் குறிப்பேடுகளை எரிக்காமல் வைத்திருந்தது நம் நல்லூழ். மெருகை எடுத்துவிட்டுக் கேட்க இன்று வழி இருக்கிறது.

மெருகைவிட மோசமானது களவு. எரிஸ்கே தீவின் பங்குத்தந்தை ஆலன் மக்டொனால்ட் (1859–1905) தம் மக்களிடம் கேட்ட கதைகள், நம்பிக்கைகள், அரிய சொற்கள் எல்லாவற்றையும் குறிப்பேடுகளில் எழுதி வந்தார். 1890களில், வருவதை முன்கூட்டியே காணும் 'இரண்டாம் பார்வை' பற்றி விசாரிக்க வந்த ஏடா குட்ரிச் ஃப்ரீயர் என்ற பெண்மணிக்கு அவற்றைத் தாராளமாகக் கொடுத்தார். அவர் அதிலிருந்து ஏராளமாக எடுத்துத் தம் பெயரில் சொற்பொழிவுகளாகவும் கட்டுரைகளாகவும் வெளியிட்டார். பாதிரியாரின் உழைப்பு எவ்வளவு என்பதை ஜான் லோர்ன் கேம்பெல் என்ற அறிஞர் குறிப்பேடுகளைத் தேடிப் பிடித்து 1960களில் நிறுவினார். பாதிரியாரின் சொற்றொகுப்பையும் அவரே 1958இல் பதிப்பித்திருந்தார்.

பாடலுக்கு வருவோம். அந்நாளில் தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைப் பழைய சிறுநீரில் ஊறவைத்து, நீண்ட பலகையைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் அதைப் பலகையில் அடித்து அடித்து இறுக்குவார்கள். துணி வலஞ்சுழியாகவே கைமாற வேண்டும். ஒருத்தி ஒரு வரி பாட, மற்றவர்கள் பொருளற்ற அசைகளாலான பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். முதலில் மெதுவான பாடல், பிறகு வேகமானது. நடுவில் ஒருத்தி நடுவிரலால் துணியை அளந்து பார்த்து, இன்னும் சுருங்கவில்லை என்றால் இன்னொரு பாட்டு வேண்டும் என்பாள். ஒரே துணிக்கு ஒரு பாட்டை இரண்டு முறை பாடுவது ஆகாது. ஆகவே பாட்டு இங்கே கடிகாரமாகவும் அளவுகோலாகவும் இருக்கிறது. பல்லவி அசைகள் வெறும் நிரப்பி என்று விட்டுவிட்டால், அடிக்கும் தாளமும், எந்தப் பாட்டு என்று அடையாளம் காணும் குறியும் ஒருசேரப் போய்விடும்.

1905இல் எரிஸ்கேக்கு வந்த மார்ஜரி கென்னடி ஃப்ரேசர் பின்னர் மெழுகு உருளையில் ஒலியைப் பதிந்தார். ஆனால் 1909 முதல் வெளியிட்டபோது பியானோ இசையும் ஆங்கில வரிகளும் சேர்த்து அரங்கப் பாடல்களாக்கினார். அவை பெரும்புகழ் பெற்றன. பென்சில்வேனியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் பள்ளி படித்துக்கொண்டிருந்த மார்கரெட் ஃபே ஷா அந்தக் கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு, இதன் மூலம் இன்னும் நன்றாக இருக்குமே என்று எண்ணினார். 1929இல் தெற்கு யூயிஸ்டுக்குப் போய், மின்சாரமில்லாத ஒரு சிறு வீட்டில் பெகி, மாரி மக்ரே என்ற சகோதரிகளோடு ஆறு ஆண்டுகள் தங்கினார். கேலிக் கற்றார், பசு கறக்கும்போதும் பீட் வெட்டும்போதும் கேட்ட பாடல்களைக் காதால் கேட்டே இசைக்குறியில் எழுதினார், புகைப்படமும் எடுத்தார். 1955இல் வெளிவந்த அவருடைய நூலில் பாடல்களோடு மருந்துகளும் பழமொழிகளும் சாயமிடும் முறைகளும் இருக்கின்றன. மேலே சொன்ன ஜான் லோர்ன் கேம்பெல்லை மணந்து கன்னா தீவில் குடியேறினார். அத்தீவையும் தங்கள் தொகுப்பையும் அவர்கள் 1981இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தனர்.

ஒலிப்பதிவுக் கருவி வந்ததும் எழுதும் வேலை தீர்ந்துவிடவில்லை. ராசே தீவில் பிறந்த கலம் மக்லீன் முதலில் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்துக்காக வேலை செய்து, 1951இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆய்வுப் பள்ளியின் முதல் சேகரிப்பாளரானார். அவர் முதலில் பயன்படுத்திய மெழுகு உருளைகளைக் கேட்டு எழுதிவிட்டு, மேற்பரப்பைச் சீவி, மறுபடியும் பதிவு செய்வார்கள். குரல் அழிந்து எழுத்து மட்டுமே நிற்கும். எனவே எழுத்துப்பிரதி பிழையின்றி இருக்க வேண்டியிருந்தது. பதிவோடு நாட்குறிப்பும் எழுதினார்: யார் வீடு, யார் உடனிருந்தனர், வானிலை எப்படி, எவ்வளவு நேரம் பிடித்தது. 1960இல் தெற்கு யூயிஸ்டில் இறந்து அங்கேயே அடக்கமானார்.

அதே தெற்கு யூயிஸ்டின் டங்கன் மக்டொனால்ட் என்ற கதைசொல்லியின் நீண்ட கதை ஒன்றை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் பதிவு செய்தனர். பிரதிகளை ஒப்பிட்டபோது, பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தன. வாய்மொழி என்றால் சொல்லச் சொல்ல மாறிக்கொண்டே போகும் என்ற பொதுவான எண்ணத்துக்கு இது நேர்மாறு. வேறு சிலர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிச் சொன்னார்கள் என்பதும் உண்மை. யார் எந்த வகை என்று அறிய, ஒரே ஆளிடம் ஒரே கதையைப் பல முறை கேட்டுப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்று இவற்றைக் கேட்க விரும்புபவர், 'மரபின் கிணறு' என்று பொருள்படும் 'டோபர் அன் துவல்ஹஸ்' என்ற இணையக் காப்பகத்துக்குப் போகலாம், 2010இல் திறக்கப்பட்டது. எடின்பரோவின் பதிவுகள், பிபிசியின் பதிவுகள், கன்னா தொகுப்பு மூன்றும் அங்கே உள்ளன. ஒவ்வொன்றிலும் சொன்னவர், ஊர், பதிவு செய்தவர், ஆண்டு, சுருக்கம் எல்லாம் இருக்கும். கேம்பெல் 1860இல் கதையோடு அச்சிட்ட அதே தகவல்கள்தாம்.

தீவின் கதையைத் தீவில்தான் தேட வேண்டும் என்பதும் இல்லை. 1870இல் கேம்பெல்லும் ஹெக்டர் மக்லீனும் பெய்ஸ்லி என்ற நூலாலை நகரத்துக்குப் போய், ஐலாவிலிருந்து அங்கே வந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்த லாக்லன் மக்நீலிடம் நூறு பக்கங்களுக்கும் நீண்ட ஒரு கதையை எழுதிக்கொண்டனர். சொன்னவரும் எழுதியவர்களும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது. 1937இல் ஜான் லோர்ன் கேம்பெல் பதிவுக் கருவியோடு கடல் கடந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கே போனார். பாராவிலிருந்தும் யூயிஸ்டிலிருந்தும் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள், தாங்கள் ஒருபோதும் பார்த்திராத தீவுகளின் பாடல்களை அவருக்குப் பாடிக் காட்டினார்கள்.